நாம் செய்த துப்பாக்கி

மேடைக்கு ஒரு துப்பாக்கி வந்துவிட்டால் பார்ப்போர் கண்கள் அதன்மீதே நிலைத்துவிடும். அதை ஏந்தியவன் யார், எதிரே நிற்பவன் யார், அவன் கேட்ட நியாயம் யாது என்ற கேள்விகள் யாவும் அந்தக் குழாயின் வாயிலே கரைந்துபோகும். சினிமா நமது பிள்ளைகளுக்குப் பழக்கிவைத்திருக்கும் பார்வை இது. ஆயின், உழைக்கும் மக்களின் வரலாற்றை நாடகமாக்க முனைவோர் துப்பாக்கியை முற்றாகத் தவிர்த்துவிடவும் இயலாது. மலையக வரலாற்றின் பல பக்கங்கள் வேட்டுச் சத்தத்தோடுதான் முடிவடைந்திருக்கின்றன. துப்பாக்கியைக் காட்டவும் வேண்டும். அதற்கு அடிமையாகிவிடவும் கூடாது. டயகமவில் ஒரு பாடசாலை மாணவர்கள், சிறிதளவு மின்னியல் அறிவைத் துணைக்கொண்டு, இந்தச் சிக்கலை அவிழ்த்த விதத்தைச் சொல்வதே எமது நோக்கம்.

நாம் தமிழ் கற்பிப்பவர். பல்கலைக்கழகத்தில் நாம் பயின்றது இலக்கணமும் இலக்கியமுமே. மின்சுற்றைப் பற்றி நாம் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனினும், தோட்டப்புறப் பாடசாலையில் பணிபுரியும் ஆசிரியர் தமது பாடத்தின் வேலிக்குள்ளேயே நின்றுவிட முடியாது. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தவணையில் தமிழாசிரியரும் விஞ்ஞானப் பாடநூலைத் திறக்கவே நேரும். அப்படித் திறந்தபோது எம்மை முதலிற் கவர்ந்தது ஒரு கலைச்சொல். கடைக்காரர் ‘எல்.ஈ.டி.’ என்று விற்கும் சிறு விளக்கை எமது பாடநூல் ‘ஒளிகாலும் இருவாயி’ என்கிறது. காலுதல் என்பது உமிழ்தலைக் குறிக்கும் பழந்தமிழ் வினை. அந்தப் பழைய வினை நேற்று வந்த பொருளுக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொன்னோம். “சேர், அது எத்தனை வோல்ற்றில் காலும்?” என்று பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்தே எமது துப்பாக்கி பிறந்தது.

பாடசாலைக் கலைவிழாவுக்கு முல்லோயாப் போராட்டத்தை நாடகமாக்குவதென்று அப்போது தீர்மானித்திருந்தோம். ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசார் சுட்டதிலே கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்நீத்தார். அச்சாவு பற்றிய விசாரணையிலே கோவிந்தனின் மனைவியின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். முல்லோயா நிகழ்ச்சிகளை ஒட்டி, பொலிசின்மீது அதிகாரம் யாருக்கு என்ற பிணக்கு ஆளுநர் கால்டிகொட்டுக்கும் மந்திரிகளுக்கும் இடையே முற்றி, மந்திரிகள் பதவி துறக்கும் அளவுக்குச் சென்றது. மலைச்சரிவில் விழுந்த ஒரு கூலித் தொழிலாளியின் உடல் கொழும்பின் ஆட்சிபீடத்தை உலுக்கிற்று என்பதை நமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா?

அறிந்திருக்க வேண்டியது அவ்வளவே அன்று. டயகமவின் மண்ணே இத்தகைய ஒரு சாவைக் கண்டதுதான். 1956இல் டயகமத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஏப்ரஹாம் சிங்கோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தமிழரல்லர் என்பதைப் பெயரே சொல்லும். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் வாழும் தோட்டத்தில், அவர்களது போராட்டத்திலே அவர் மாண்டார். நாடகத்துக்கு ஆள் தெரிந்த நாளில் அந்தப் பெயரை வகுப்பிலே கேட்டோம். முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கை உயர்த்தவில்லை. தாம் நாள்தோறும் நடந்துவரும் பாதையின் கதை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அதற்குப் பிள்ளைகள் பொறுப்பல்லர்.

நாடகம் முடிவானதும் துப்பாக்கிக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. ஒருவன் தீபாவளிக்கு வாங்கிய தகரத் துப்பாக்கியைக் கொண்டுவருவதாகச் சொன்னான். இன்னொருவன் திரைக்குப் பின்னாலே பட்டாசு வெடிக்கலாம் என்றான். பட்டாசு வேண்டாமென்று உடனே சொல்லிவிட்டோம். கூரையின் கீழே, நெருக்கி அமர்ந்திருக்கும் சிறுவர்களுக்கு நடுவே வெடிமருந்துக்கு இடமில்லை. பெரும் பணமும் பயிற்சியும் உள்ள இடங்களிலேயே இவ்விஷயத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. 1993இல் பிரண்டன் லீ என்ற நடிகர் படப்பிடிப்பிலே பாவனைத் துப்பாக்கி என்று கருதப்பட்ட ஒன்றினால் இறந்தார். 2021 ஒக்டோபரில் ‘ரஸ்ட்’ என்ற படத்தின் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் அதேபோல மாண்டார். வெடிக்கக்கூடிய எதுவும் விளையாட்டுப் பொருளாகாது.

உண்மையானதைப் போலவே தோன்றும் துப்பாக்கியும் வேண்டாமென்றோம். 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே, விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த தமிர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவனைப் பொலிஸ்காரர் சுட்டுக் கொன்றார். விளையாட்டுத் துப்பாக்கியின் முனை செம்மஞ்சள் நிறமாக இருக்க வேண்டுமென்று 1988இலேயே அங்கு சட்டம் இயற்றப்பட்டிருந்தும் இந்தக் கதி. 1983 தொடங்கி 2009 வரை யுத்தத்தைக் கண்ட எமது நாட்டிலே, அடையாள அட்டையைக் கையிலேந்தி வீதியிலே நின்ற தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. அந்தப் பெற்றோரின் பிள்ளை நிசத் துப்பாக்கியைப் போன்ற ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு லயத்துக்கும் பாடசாலைக்கும் நடப்பதை நாம் அனுமதிக்க முடியாது. எனவே, எமது துப்பாக்கி பார்த்த மாத்திரத்திலே மரத்தாலானது என்று தெரிய வேண்டும். அதற்குக் கறுப்பு வர்ணம் பூசக் கூடாது. முனையில் செம்மஞ்சள் துணி சுற்றப்பட வேண்டும். ஒத்திகை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, பாடசாலை அலுமாரியிலே பூட்டிவிட வேண்டும். இந்த விதிகளை மாணவர்களே கரும்பலகையில் எழுதி, தம் பெயரையும் கீழே எழுதினார்கள்.

அவ்வளவு வெளிப்படையான பொம்மையைக் கொண்டு சுடுவதை எவ்வாறு காட்டுவது? ஒளியாலே காட்டலாம் என்பதே வோல்ற்றுக் கேட்ட மாணவனின் யோசனை.

துப்பாக்கியின் கட்டையை, பழைய மலையிலே வேரோடு பிடுங்கிப்போட்ட தேயிலைத் தூரொன்றிலிருந்து செதுக்கினார்கள். தேயிலை மரம் வைரம் பாய்ந்தது, இலகுவில் பிளவாது. ஒரு மாணவனின் தந்தை தமது கவ்வாத்துக் கத்தியால் அதைச் சீர்செய்து தந்தார். குழாய்க்குத் தண்ணீர்க் குழாயின் துண்டு ஒன்று போதுமாயிருந்தது. குழாயின் வாயில் வெள்ளை ஒளிகாலும் இருவாயி ஒன்றும், மஞ்சள் இரண்டும். ஒளி ஊசிபோலப் பாயாமல் பரவுவதற்காக அவற்றின் முன்னே எண்ணெய் தடவிய தாள் ஒட்டப்பட்டது. கட்டையின் குடைவுக்குள் 9 வோல்ற்றுப் பற்றரியும் சிறிய சுற்றும் இருந்தன. அழைப்புமணியின் பழைய ஆளியொன்று விசையாயிற்று.

சுற்றின் இதயம் 555 என்ற எண்ணாலே உலகம் அறிந்த ஓர் ஒருங்கிணைந்த சுற்று. சுவிற்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் அதனை வடிவமைத்தார். ஐம்பது ஆண்டு கடந்தும் அது வழக்கொழியவில்லை. ஹற்றன் கடையிலே அதன் விலை ஒரு பிளேன்டீயின் விலையை மிஞ்சவில்லை. எட்டுக் கால்கள் கொண்ட அந்தக் கறுப்புத் துண்டின் வேலை ஒன்றுதான்: விசை அழுத்தப்பட்ட கணத்திலிருந்து, நாம் குறித்துக்கொடுக்கும் நேரம் மட்டும் ஒளியை எரியவிட்டுப் பின் அணைத்துவிடுவது. அந்த நேரத்தைத் தீர்மானிப்பவை ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும். தடையின் ஓம் அளவைக் கொள்ளளவின் பரட்டு அளவாற் பெருக்கி, வந்ததை மீண்டும் 1.1 ஆற் பெருக்கினால் வினாடிக் கணக்குக் கிடைக்கும். 100 கிலோ ஓமும் 1 மைக்ரோபரட்டும் சேர்ந்தால் 0.11 வினாடி.

ஒவ்வோர் ஒளிகாலும் இருவாயிக்கும் முன்னே ஒரு தடையி இருக்க வேண்டும். இல்லையேல் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தால் அது கருகிவிடும். இந்தக் கணக்கையும் மாணவர்களே செய்தார்கள். பற்றரி தருவது 9 வோல்ற்று. அதில் ஏறக்குறைய ஒன்றரை வோல்ற்றை 555 தனக்கென்று எடுத்துக்கொள்ளும். எஞ்சிய ஏழரையில் வெள்ளை இருவாயி 3.2ஐ எடுக்கும், மிகுதி 4.3. இருவாயிக்குப் பாதுகாப்பான ஓட்டம் 20 மில்லியம்பியர். ஆகவே 215 ஓம் தேவை. கடையிலே கிடைப்பது 220. ஓமின் விதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்திருந்த மாணவியொருத்தி, “இதுக்குத்தானா சேர் அந்த விதி?” என்று கேட்டாள். அவ்வளவு நாளும் வினாத்தாளுக்கென்றே கற்பிக்கப்பட்ட ஒரு விதி அன்றுதான் அவளுக்குக் கைக்கருவியாயிற்று.

முதல் நாள் இணைப்பிலே ஒரு சங்கடம். விரல் விசையில் இருக்கும்வரை ஒளி அணையவில்லை. துப்பாக்கி ரோச் லைட் ஆகிவிட்டது. விசைக்கும் 555க்கும் இடையே 0.1 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றை வைத்து, 555இன் இரண்டாங் காலைப் பற்றரியின் நேர்முனையோடு 10 கிலோ ஓம் தடையியால் இணைத்தார்கள். அதன்பின் விசையை எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் தட்டிய சைகை ஒரு கணம் மட்டுமே உள்ளே போயிற்று. ஓர் அழுத்தத்துக்கு ஒரு மின்னல்.

அந்த மின்னல் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பதையும் பரிசோதித்தார்கள். 10 கிலோ ஓம் வைத்து ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு வினாடி எரியவிட்டபோது ஒளி மங்கலாகத் தோன்றியது. ஒரு மெகா ஓம் வைத்தபோது ஒரு வினாடிக்கு மேல் எரிந்து, விளக்கு ஏற்றி அணைத்ததுபோல இருந்தது. 100 கிலோ ஓமில்தான் அது ‘வேட்டு’ ஆயிற்று. மனிதக் கண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வினாடி வரை வரும் ஒளியையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தே உணர்கிறது. அதற்குக் குறைந்தால் மங்கலாகும், கூடினால் பிரகாசம் கூடாது, நேரம் மட்டுமே நீளும். 1885இல் ப்ளொக் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்த விதி இது. டயகமவின் மூடுபனிக்குள்ளே, கதவடைத்த வகுப்பறையொன்றில், நமது பிள்ளைகள் அதனைத் தாமே கண்டுகொண்டார்கள்.

இவ்விடத்திலே அந்தச் சிறு விளக்கைச் சமைத்தவரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் காலும் இருவாயியை 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலே உருவாக்கியவர் நிக் ஹொலன்யக். அவர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. முதலில் வந்தது சிவப்பு. வெள்ளை ஒளி கிடைப்பதற்கு நீல இருவாயி வேண்டியிருந்தது. அதனை 1990களின் முற்பகுதியில் சாத்தியமாக்கிய அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. சுரங்கத் தொழிலாளியின் மகன் என்று சொன்னவுடன் வகுப்பிலே ஒரு சலசலப்பு எழுந்தது. கொழுந்து பறிப்பவளின் பிள்ளைகள் அந்த உறவை விளங்கிக்கொள்ள எமது விளக்கவுரை தேவைப்படவில்லை.

நிற்க. துப்பாக்கி வேலை செய்யத் தொடங்கியதும் வேறொரு தொல்லை தலைகாட்டியது. பொலிஸ்காரனாக நடிப்பதற்குப் பதினொரு பேர் முன்வந்தார்கள். கோவிந்தனாக நடிப்பதற்கு ஒருவனும் வரவில்லை. இடைவேளையிலெல்லாம் பையன்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு தரம் விசையை அழுத்தி மகிழ்ந்தார்கள். சுற்றை இணைத்த மாணவர்கள் தம் உற்சாகத்திலே இன்னொரு நயத்தையும் சேர்த்திருந்தார்கள்: வேட்டு முடிந்தபின் குழாய்க்குள்ளே ஒரு சிவப்பு ஒளி கனன்று, சுமார் இரண்டு வினாடியில் மெல்ல அவியும். 470 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி வேட்டு நேரத்தில் நிரம்பி, 4.7 கிலோ ஓம் தடையி வழியாக வடியும்போது, ஒரு திரான்சிற்றரின் துணையோடு அந்தக் கனல் தணியும். வேலைப்பாடு உண்மையிலேயே அழகானது. ஒத்திகையின்போது அந்தச் சிவப்பு அவியும்வரை வகுப்பு முழுவதும் மூச்சடக்கிப் பார்த்தது, அவிந்ததும் சீட்டியடித்தது. அந்த இரண்டு வினாடியும் தரையிலே கிடந்த கோவிந்தனை எவரும் பார்க்கவில்லை.

பிள்ளைகளைக் கண்டிப்பது எளிது. ஆயின் கண்டித்துப் பயனில்லை. ஆயுதத்தின்மீது அவர்களுக்கு இயல்பான வெறி உண்டென்று நாம் நம்பவில்லை. ஏவல் கேட்டே பழகிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பெரட்டுக்களத்தில் தகப்பன் பெயர் சொல்லி அழைக்கப்படுவதையும், பிந்தி வந்த தாய் திருப்பி அனுப்பப்படுவதையும் சிறு வயதிலிருந்தே கண்டவர்கள். ஏவுகின்றவனின் கையிலிருக்கும் பொருளை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க அவர்கள் விரும்புவதில் வியப்பென்ன? பலமுள்ளவனாக நடிப்பது ஒரு விடுதலையாகத் தோன்றுகிறது. தோற்றவனாக நடிக்க எவரும் விரும்பார். கோவிந்தன் தோற்றவன் அல்லன் என்பதை வாயாற் சொன்னாற் போதாது. மேடையே அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

வழிகாட்டியவர் ஒரு முதியவர். தோட்டத்திலே காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தம் வாலிப காலத்தில் மாசி மாதந்தோறும் காமன் கூத்துக்குப் பந்தம் பிடித்தவர். பேரனின் ஒத்திகையைப் பார்க்க வந்திருந்தார். மலையக மக்களின் கூத்துகளிலே காமன் கூத்து ஒளியும் நெருப்பும் இன்றி நடைபெறாதது. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதே அதன் உச்சம். மின்சாரம் எட்டாத காலத்தில், எரியும் பந்தத்தின்மீது குங்கிலியப் பொடியை வீசுவார்கள். தீ குபீரென்று எழுந்து அடங்கும். எமது 0.11 வினாடி மின்னலின் பாட்டன் அந்தக் குங்கிலியச் சுவாலைதான். முதியவர் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். ஒருமுறை விசையையும் அழுத்தினார். பிறகு எம்மைப் பார்த்து, “நல்லாத்தான் செஞ்சிருக்காங்க வாத்தியாரய்யா. ஆனா சனம் பந்தத்தையா பாக்க வருது? ஆட்டக்காரன் மொகத்தையில்ல பாக்க வருது. நாங்க பந்தத்த அவன் மொகத்துக்குத்தான் புடிப்போம்” என்றார்.

பந்தம் பிடிப்பவன் கூத்திலே எந்தப் பாத்திரமும் ஏற்பதில்லை. எனினும் சபையார் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவனுடைய கையே தீர்மானிக்கிறது. ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிறெக்ட் விளக்குகளை மறைக்காமல் பார்வையாளர் காணவே வைக்க வேண்டுமென்று கூறினார். ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை மக்கள் அறிந்தே நாடகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. டயகமவின் பந்தக்காரர் பிறெக்டின் பெயரைக் கேள்விப்பட்டவரல்லர். ஆயினும் சபையின் நடுவே, எல்லோரும் காணப் பந்தத்தை ஏந்தி நின்று, பார்வையை ஆட்டக்காரன் முகத்துக்கு அழைத்துச் சென்றவர் அவர்.

அன்று மாலையே மாணவர்கள் சுற்றைப் பிரித்தார்கள். எவரும் அவர்களுக்கு உத்தரவிடவில்லை. குழாய்க்குள் இருந்த சிவப்புக் கனல் அகற்றப்பட்டது. துப்பாக்கிக்கு மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு வினாடி மட்டுமே. கனன்று தணியும் அந்தச் சுற்றைப் பெரிதாக்கி, ஒரு பால்மா ரின்னுக்குள் அமைத்தார்கள். அதில் ஆறு வெள்ளை இருவாயிகள், ஒவ்வொன்றுக்கும் 270 ஓம் தடையி, ஒன்றரை வோல்ற்றுச் சிறு பற்றரிகள் ஆறு, 4700 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று, அது வடிவதற்கு 4.7 கிலோ ஓம். இவை இரண்டின் பெருக்கம் 22 வினாடி என்று கணக்குச் சொல்லிற்று. செய்துபார்த்தபோது ஒளி பத்துப் பன்னிரண்டு வினாடிக்குள் அவிந்தது. காரணத்தைத் தேடியபோது, விளக்குகளை இயக்கும் திரான்சிற்றரும் அதே கொள்ளளவியிலிருந்து தன் பங்கைக் குடிப்பதையும், கொள்ளளவியில் ஏறக்குறைய நான்கு வோல்ற்று எஞ்சியிருக்கும்போதே இருவாயிகள் கண்மூடிவிடுவதையும் கண்டார்கள். கணக்கும் நடைமுறையும் வேறுபடும்போது, வேறுபாட்டிலும் ஒரு கணக்கு உண்டு என்பது அன்றைய பாடம்.

அந்த ரின் மேடையின் முன்விளிம்பில், எல்லோரும் காணும்படி வைக்கப்பட்டது. அதன் ஆளி யார் கையில் இருப்பது என்ற விவாதத்திலே மாணவியர் முந்திக்கொண்டார்கள். அதுவரை அவர்களுக்கு அந்த நாடகத்திலே வேலை குறைவு. கோவிந்தனின் மனைவியாக நடித்தவள், “நான்தானே ஓடிவாறேன், நானே போடுறேன்” என்றாள். மெல்லிய வயரொன்று மேடைத் தரையோடு போயிற்று. கோவிந்தன் விழுந்ததும் அவள் ஓடிவந்து மண்டியிடுவாள். முந்தானைக்குள் இருக்கும் ஆளியை ஒரு வினாடி அழுத்தி விடுவாள். ஒளி அவனுடைய முகத்தில் எழும். பிறகு அவளுடைய முகத்திலும் படர்ந்து, மெல்ல மெல்லத் தணியும்.

மறுநாள் கோவிந்தனாக நடிக்க மூன்று பேர் வந்தார்கள்.

கலைவிழா நாளிலே மழை. லயங்களிலிருந்து தாய்மார் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து தரையிலே அமர்ந்தார்கள். வேலைநிறுத்தக் காட்சி முடிந்து விளக்கணைந்தது. துப்பாக்கி ஒரு கணம் மின்னிற்று. வேட்டொலிக்குப் பதிலாக, திரைக்குப் பின்னே ஒருவன் தப்பை ஒரேயொரு முறை அடித்தான். பின்னர் அந்தப் பால்மா ரின்னின் வெளிச்சம். பத்து வினாடி என்பது கடிகாரத்திலே சிறிது. இருட்டிலே, இறந்தவன் ஒருவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது மிக நீண்டது. அந்த நேரத்திலே மாணவர்கள் மூன்று பெயர்களைச் சொன்னார்கள்: 1940, முல்லோயா, கோவிந்தன், 1956, டயகம, ஏப்ரஹாம் சிங்கோ, 1977, டெவன், சிவனு லெட்சுமணன். தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிராகத் திரண்ட தொழிலாளரிடையே மே மாதத்தில் சுடப்பட்டவர் கடைசியாகச் சொல்லப்பட்டவர். மூன்றாவது பெயர் சொல்லி முடிகையில் வெளிச்சமும் அவிந்தது. எவரும் சீட்டியடிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு முதியவர் இரண்டாவது பெயரைத் தமக்குள்ளே திரும்பச் சொல்லிக்கொண்டார்.

தமிழாசிரியர் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி செய்யக் கற்பிக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. துப்பாக்கியைப் பற்றிப் பேசாதிருந்தால் பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள் என்று எண்ணுவதற்கில்லை. கையடக்கத் தொலைபேசியில் நாள்தோறும் நூறு துப்பாக்கிகளை அவர்கள் காண்கிறார்கள். அவற்றிலே சுடுபவனுக்கு முகமுண்டு, பெயருண்டு, பின்னணி இசையுமுண்டு, விழுபவனுக்கு எதுவுமில்லை. ஒரு துப்பாக்கியைத் தம் கையாலேயே செய்து, அதன் மின்னல் 0.11 வினாடிக்கு மேல் ஒன்றுமில்லை என்று கணக்கிட்டறிந்த பிள்ளை அந்தப் படங்களை முன்போலப் பார்க்க மாட்டான் என்பது எமது நம்பிக்கை. ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவனிடம் அந்தப் பொருளின் மாயம் செல்லாது.

சாதாரண தரப் பரீட்சைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டவர்களும் உண்டு. ஓமின் விதி எதற்கென்று கண்ட மாணவியை நாம் ஏற்கெனவே சொன்னோம். அதற்கும் மேலே ஒன்றுண்டு. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தது 1970களிலேதான். அதுவரை பல தோட்டங்களிலே கல்வி என்பது பெயர் எழுதப் பழகுவதோடு முடிந்தது. இன்றும் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் எமது பிள்ளைகளிற் பலர் ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. விஞ்ஞானம் வேறொருவர் சொத்து என்ற எண்ணம் அவர்களுடைய மனத்தில் ஊறியிருக்கிறது, வரலாறும் அவ்வாறே. தம் விஞ்ஞானத்தைக் கொண்டு தம் வரலாற்றுக்கு வெளிச்சம் காட்டிய ஒரு வகுப்பு, அவ்விரண்டும் தனது உடைமை என்று உணர்ந்துகொள்கிறது. நூறு புள்ளிகளைவிட அது பெரிது. புள்ளிகளுக்கும் அது பகையன்று.

எமது நாட்டின் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் ஒரு முல்லோயா இருக்கும். ஓர் ஏப்ரஹாம் சிங்கோ இருப்பார். பிள்ளைகளிடம் சூட்டுக்கோலும் ஈயக் கம்பியும் ஒரு பழைய ரின்னும் கொடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாதென்றும் சொல்லுங்கள். எதைச் செய்ய வேண்டுமென்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறது?

மரத்துப்பாக்கி இப்போது பற்றரியில்லாமல் அலுமாரியில் கிடக்கிறது. அதைக் கேட்டு எவரும் வருவதில்லை. பால்மா ரின்னை மட்டும் ஒன்பதாந் தரத்தார் இரவல் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய நாடகத்திலே துப்பாக்கியே கிடையாதாம். கொழுந்து மலையில் மண்சரிந்து புதைந்த ஒரு லயத்தின் கதையாம். ஒளி இருபது வினாடி நிற்க வேண்டுமென்கிறார்கள். கொள்ளளவியை இரட்டிப்பாக்கினாற் போதுமா என்ற கணக்கு இப்போது கரும்பலகையில் நடந்துகொண்டிருக்கிறது.